ஆங்கிலத்தில் ஒருமை பன்மை: மட்டக்களப்பு, அம்பாறையில் ஆங்கிலம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மீன் வாடியில் நின்று 'ஆறு நண்டு போடுங்க' என்றுதான் கேட்போம். 'ஆறு நண்டுகள் போடுங்க' என்று கேட்டால் கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். வயலிலும் 'பத்து மாடு நிக்குது'தான். எண் முன்னால் வந்துவிட்டால் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' தேவையில்லை என்பது தமிழின் வழக்கம். எண் இல்லாவிட்டாலும் 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று வினையை வைத்தே ஒன்றா பலவா என்று காட்டிவிடலாம். பால்பகா அஃறிணைப் பெயர் என்று தமிழ்ப் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஆறு என்று சொல்லிவிட்ட பிறகும் 'சிக்ஸ் க்ராப்ஸ்' என்று நண்டும் பன்மையாக வேண்டும். அடுத்து வரும் வினையும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். இன்னொரு பக்கம், நாம் தாராளமாகக் 'கள்' போடும் தகவல்கள், ஆலோசனைகள், தளபாடங்கள் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் பன்மையே இல்லை. ஆகவே எஸ் எழுத்தை எப்படிச் சேர்ப்பது என்பது இந்தப் பாடத்தின் சிறிய பகுதி. எங்கே சேர்ப்பது, எங்கே சேர்க்கக்கூடாது என்பதில்தான் புள்ளி போகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு எழுதும் பிள்ளைக்கும், பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ விடுதி வேலைக்குப் போகிறவருக்கும், கடைக்குப் பலகை எழுதுவிப்பவருக்கும் சிக்கல் ஒன்றுதான்.

கீழே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கொப்பியில் எழுதும்போது அகராதியில் எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதற்படி: எண்ண முடியுமா?

ஒரு பெயர்ச்சொல்லைக் கண்டதும் எஸ் சேர்க்க ஓடாதீர்கள். ஆங்கிலம் அதை எண்ணுகிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர், மணல், அரிசி, பால், எண்ணெய் போன்றவை சுலபம். தமிழிலும் 'மூன்று தண்ணீர்' என்று சொல்வதில்லை. போத்தலோ குடமோ இடையில் வரும். ஆங்கிலத்திலும் 'த்ரீ பாட்டில்ஸ் ஆஃப் வாட்டர்', 'டூ பாட்ஸ் ஆஃப் கர்ட்' என்று பாத்திரம்தான் பன்மையாகும். தயிர் அப்படியே இருக்கும், தயிர்ச்சட்டிதான் இரண்டாகும்.

தமிழில் எண்ணக்கூடியதாக இருந்து ஆங்கிலத்தில் எண்ண முடியாத சொற்கள்தான் காலை வாருபவை. இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை, மனனம் செய்வதே வழி. அன்றாடம் தேவைப்படுபவை இவை:

தளபாடங்கள் – 'ஃபர்னிச்சர்'
உபகரணங்கள் – 'எக்விப்மென்ட்'
தகவல்கள் – 'இன்ஃபர்மேஷன்'
ஆலோசனைகள் – 'அட்வைஸ்'
செய்திகள் – 'நியூஸ்'
பயணப் பொதிகள் – 'லக்கேஜ்', 'பேக்கேஜ்'
நகைகள் – 'ஜுவலரி'
வீட்டுப்பாடங்கள் – 'ஹோம்வர்க்'
இயந்திரங்கள் என்ற பொதுப் பொருளில் – 'மெஷினரி'
சான்றுகள் – 'எவிடன்ஸ்'

இவற்றில் எதற்கும் கடைசியில் பன்மை எஸ் வராது, முன்னால் ஒன்று என்னும் பொருளில் 'எ' அல்லது 'ஆன்' வராது, எண்ணும் வராது. 'ஃபர்னிச்சர்ஸ்' பிழை, 'எ ஃபர்னிச்சர்' பிழை, 'டூ ஃபர்னிச்சர்' பிழை. 'நியூஸ்' என்பதன் கடைசியில் எஸ் இருந்தாலும் அது பன்மை எஸ் அல்ல. 'த நியூஸ் இஸ் குட்' என்று ஒருமை வினைதான் கொள்ளும்.

எண்ணியே ஆகவேண்டுமென்றால் 'பீஸ்' என்ற சொல்லைத் துணைக்கு அழையுங்கள். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்', 'த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. இல்லாவிட்டால் எண்ணக்கூடிய வேறு சொல்லுக்கு மாறுங்கள். தளபாடங்களை விட்டுவிட்டு 'சிக்ஸ் சேர்ஸ் அன்ட் எ டேபிள்', அதாவது ஆறு கதிரையும் ஒரு மேசையும், என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது. இயந்திரங்களை எண்ண 'மெஷின்ஸ்'. வேலைக்கு 'வர்க்' என்பது எண்ணாத சொல், 'ஜாப்' எண்ணும் சொல். ஆகவே வேலை தேடும்போது 'எ வர்க்' கேட்கக்கூடாது, 'எ ஜாப்' கேட்க வேண்டும்.

சில சொற்கள் பொருளுக்கேற்ப இரண்டு பக்கமும் நிற்கும். விண்ணப்பம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது 'எக்ஸ்பீரியன்ஸ்'. வேலை அனுபவம் என்ற பொருளில் அதற்குப் பன்மை இல்லை: 'டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'. இங்கே ஆண்டுதான் பன்மை. எஸ் சேர்த்து 'எக்ஸ்பீரியன்சஸ்' என்றால் வாழ்க்கையில் நடந்த தனித்தனிச் சம்பவங்கள் என்று பொருள் மாறிவிடும். 'பேப்பர்' கடதாசி என்றால் எண்ண முடியாது. பத்திரிகை அல்லது வினாத்தாள் என்றால் எண்ணலாம். சாப்பாட்டுக் கடையில் 'டூ டீஸ், த்ரீ காஃபீஸ்' என்று கேட்பதும் சரியே, அங்கே கோப்பை என்ற சொல் மறைந்து நிற்கிறது.

இரண்டாம் படி: ஒன்றா, அதற்கு மேலா?

எண்ணக்கூடிய சொல் என்று தெரிந்துவிட்டதா? இப்போது எத்தனை என்று பாருங்கள். சரியாக ஒன்று என்றால்தான் ஒருமை. ஒன்றரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் பன்மை: 'ஒன் அன்ட் எ ஹாஃப் அவர்ஸ்'. பூச்சியமும் பன்மையே: 'சீரோ மார்க்ஸ்'. ஒன்றுக்குக் குறைந்த அரை மட்டும் ஒருமையோடு நிற்கும்: 'ஹாஃப் எ கிலோ', 'ஹாஃப் ஆன் அவர்'.

எண் இல்லாத வாக்கியங்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்கிறோம். 'வாவியில முதலை இருக்கு', 'வயலுக்குள்ள யானை வரும்' என்கிறோம். எல்லாம் ஒருமை வடிவம். ஆனால் ஒரு மாம்பழத்தையோ ஒரு முதலையையோ சொல்லவில்லை, அந்த இனத்தையே சொல்கிறோம். அப்படி இனத்தைச் சொல்லும்போது ஆங்கிலம் பன்மையைக் கேட்கும்: 'ஐ லைக் மேங்கோஸ்', 'க்ரோகடைல்ஸ் லிவ் இன் த லகூன்', 'எலிஃபன்ட்ஸ் கம் இன்டு த பேடி ஃபீல்ட்ஸ்'.

இதைச் சரிபார்க்க நம்பகமான வழி ஒன்று உண்டு. எழுதி முடித்த வாக்கியத்தில் எண்ணக்கூடிய ஒவ்வொரு பெயரின் கீழும் கோடு போடுங்கள். அதன் முன்னால் 'எ', 'ஆன்', 'த', 'மை', 'திஸ்', 'எவ்ரி' போன்ற ஒரு சொல்லும் இல்லை, பின்னால் பன்மை எஸ்ஸும் இல்லை என்றால் அது பெரும்பாலும் பிழைதான். 'ஐ ஹேவ் புக்' என்பதில் 'புக்' அப்படி வெறுமையாக நிற்கிறது. 'எ புக்' ஆக்குங்கள் அல்லது 'புக்ஸ்' ஆக்குங்கள். 'கோ டு ஸ்கூல்', 'பை பஸ்', 'அட் ஹோம்' போன்ற சில நிலைத்த தொடர்கள் இதற்கு விலக்கு. அவை வாசிக்க வாசிக்கத் தானாகப் பழகும்.

சில சொற்கள் பின்னால் வருவது ஒருமையா பன்மையா என்பதைத் தாமே தீர்மானிக்கின்றன. 'மெனி', 'ஃபியூ', 'செவரல்', 'போத்', 'தீஸ்', 'தோஸ்' வந்தால் பன்மை. 'ஈச்', 'எவ்ரி', 'அனதர்', 'திஸ்', 'தட்' வந்தால் ஒருமை. 'எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதுபவர் மனதில் 'எல்லா மாணவர்களும்' ஓடுகிறது. அதற்குரியது 'ஆல் ஸ்டூடன்ட்ஸ்'. 'எவ்ரி' என்பது 'ஒவ்வொரு'. 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று தமிழிலும் எழுதினால் பிழைதானே. அதேபோல 'ஒன் ஆஃப்' வந்தால் பின்னால் பன்மைதான்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், 'கள்' தானாக வந்து நிற்கும். இந்த ஓர் இடத்தில் தமிழை நம்பலாம்.

மூன்றாம் படி: எழுத்தைச் சேர்ப்பது

பெரும்பாலான சொற்களுக்கு எஸ் மட்டும் போதும்: 'போட்ஸ்', 'ரோட்ஸ்', 'க்ராப்ஸ்', 'கார்ஸ்'. மற்றவற்றுக்குச் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும்.

எஸ், எஸ்-எச், சீ-எச், எக்ஸ், இசட் ஆகியவற்றில் முடிந்தால் ஈ-எஸ் சேரும்: 'பஸ்–பசஸ்', 'டிஷ்–டிஷஸ்', 'பீச்–பீச்சஸ்', 'பாக்ஸ்–பாக்சஸ்'. சீ-எச் எழுத்துகளைச் 'ச்' என்று சொல்லாமல் 'க்' என்று சொல்கிற சொல்லாக இருந்தால் எஸ் மட்டும்தான். வயிற்றைக் குறிக்கும் 'ஸ்டமக்' அப்படி ஒன்று, 'ஸ்டமக்ஸ்'. 'குவிஸ்' போட்டியைப் பன்மையாக்கும்போது இசட்டை இரட்டித்து ஈ-எஸ் சேர்க்க வேண்டும்.

'வை' என்னும் ஆங்கில எழுத்தில் முடிந்தால் அதற்கு முன்னுள்ள எழுத்தைப் பாருங்கள். அது ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தில் ஒன்றாக இருந்தால் எஸ் மட்டும்: 'டே–டேஸ்', 'கீ–கீஸ்', 'ட்ரே–ட்ரேஸ்'. வேறு எழுத்தாக இருந்தால் வையை வெட்டிவிட்டு ஐ-ஈ-எஸ்: 'லொறி–லொறீஸ்', 'கறி–கறீஸ்', 'சிட்டி–சிட்டீஸ்'. ஆட்களின் பெயருக்கு மட்டும் வையை வெட்டுவதில்லை. வகுப்பில் இரண்டு மேரி இருந்தால் வை அப்படியே இருக்க, எஸ் சேரும்.

எஃப் அல்லது எஃப்-ஈ முடிவில் குழப்பம் கொஞ்சம் உண்டு. 'நைஃப்–நைவ்ஸ்', 'லீஃப்–லீவ்ஸ்', 'லோஃப்–லோவ்ஸ்', 'ஷெல்ஃப்–ஷெல்வ்ஸ்', 'ஒய்ஃப்–ஒய்வ்ஸ்', 'தீஃப்–தீவ்ஸ்', 'ஹாஃப்–ஹாவ்ஸ்' ஆகியவற்றில் எஃப் வீயாக மாறி ஈ-எஸ் சேரும். கன்றுக்குட்டிக்குரிய 'காஃப்'பும் இந்தக் கூட்டம்தான், 'காவ்ஸ்'. ஆனால் கூரை 'ரூஃப்ஸ்', தலைவர் 'சீஃப்ஸ்', நம்பிக்கை 'பிலீஃப்ஸ்', பாசிக்குடாக் கடலில் உள்ள பவளப் பாறைத்திட்டு 'ரீஃப்ஸ்'. இவற்றில் எஃப் மாறாது. மாறுகிற சொற்கள் கைவிரல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அவற்றை மட்டும் மனனம் செய்துவிட்டு மற்றதையெல்லாம் எஸ்ஸோடு விடுங்கள்.

ஓவில் முடிபவை: 'பொட்டேட்டோ', 'டொமேட்டோ', 'ஹீரோ', 'எக்கோ' ஈ-எஸ் எடுக்கும். 'ஃபோட்டோ', 'கிலோ', 'பியானோ' எஸ் மட்டும். ஓவுக்கு முன் உயிரெழுத்து இருந்தால் எஸ் மட்டும்தான்: 'ரேடியோஸ்', 'வீடியோஸ்', 'ஸ்டூடியோஸ்'. மாம்பழம், நுளம்பு, எருமை மூன்றுக்கும், அதாவது 'மேங்கோ', 'மஸ்கிட்டோ', 'பஃபலோ', இரண்டு எழுத்துக்கூட்டலும் அகராதியில் உண்டு. பரீட்சையில் ஈ-எஸ் எழுதினால் யாரும் புள்ளி வெட்டமாட்டார்கள்.

உள்ளேயே உருமாறும் சொற்கள் எல்லாருக்கும் பாடமாக இருப்பவைதான்: 'மேன்–மென்', 'ஃபுட்–ஃபீட்', 'டூத்–டீத்', 'கூஸ்–கீஸ்', 'மவுஸ்–மைஸ்', 'லவுஸ்–லைஸ்', கூடவே 'சைல்ட்–சில்ட்ரன்', 'ஆக்ஸ்–ஆக்சன்'. 'வுமன்' என்பதன் பன்மையில் எழுத்தில் மாறுவது பின்பாதி, ஆனால் உச்சரிப்பில் முன்பாதியும் மாறி 'விமின்' ஆகும். எழுத்தைப் பார்த்து 'வுமென்' என்று வாசிக்காதீர்கள். 'சில்ட்ரன்' ஏற்கெனவே பன்மை, அதன்மேல் எஸ் போட்டு 'சில்ட்ரன்ஸ்' என்பது குழந்தைகள்கள் என்பதுபோல் ஆகிவிடும்.

மாறவே மாறாதவை: 'ஷீப்', 'டியர்' என்னும் மான், 'ஏர்க்ராஃப்ட்', 'சீரீஸ்'. 'ஃபிஷ்'ஷும் இங்கேதான். மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்கிறோம். பாடுவது ஒரு மீன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்திலும் 'சிங்கிங் ஃபிஷ்' அப்படியே பன்மையாக நிற்கும். 'ஃபிஷஸ்' என்ற வடிவம் பல்வேறு மீனினங்களைப் பற்றி எழுதும்போது வருவது, சந்தை விலைப்பட்டியலுக்கு அது வேண்டாம். ஆனால் இறாலும் நண்டும் 'ப்ரான்ஸ்', 'க்ராப்ஸ்' என்று எஸ் எடுக்கும்.

இரட்டைக் காலுள்ள பொருள்கள் எப்போதும் பன்மை: கத்தரிக்கோல் 'சிசர்ஸ்', காற்சட்டை 'ட்ரவுசர்ஸ்', குறடு 'ப்ளையர்ஸ்', மூக்குக்கண்ணாடி 'ஸ்பெக்டகல்ஸ்'. ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் 'எ பேர் ஆஃப் சிசர்ஸ்'.

பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு, அது வந்தாறுமூலையோ ஒலுவிலோ, கட்டுரையில் வரும் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் சில: 'க்ரைட்டீரியன்–க்ரைட்டீரியா', 'ஃபினாமினன்–ஃபினாமினா', 'அனாலிசிஸ்–அனாலிசீஸ்', 'க்ரைசிஸ்–க்ரைசீஸ்'. 'க்ரைட்டீரியா' பன்மை என்பதால் 'திஸ் க்ரைட்டீரியா' பிழை.

நான்காம் படி: வாயில் வரவைப்பது

எழுத்தில் எஸ் ஒன்றுதான். ஒலியில் மூன்று. தமிழ் எழுத்தில் மூன்றையும் 'ஸ்' என்றே எழுதவேண்டியிருப்பதால் விரலைத் தொண்டையில் வைத்துப் பழகுங்கள்.

'கப்', 'ஹட்', 'புக்', 'க்ளிஃப்' என்று சொல்லி நிறுத்துங்கள். கடைசி ஒலியில் தொண்டை அதிராது. இவற்றுக்குப் பின் எஸ் வெறும் காற்றாகச் சீறும். 'க்ராப்', 'ரோட்', பை என்ற பொருளில் 'பேக்', 'ஃபேன்', 'கார்', 'டே' ஆகியவற்றில் கடைசி ஒலி தொண்டையை அதிரவைக்கும். அங்கே எஸ்ஸும் அதிர்ந்து, தேனீ இரைவதுபோல் ஒலிக்கும். மூன்றாவது வகை, சொல்லே 'ஸ்', 'ஷ்', 'ச்', 'ஜ்' போன்ற ஒலியில் முடிவது. ஒரே மாதிரியான இரண்டு சீற்றம் ஒட்டி வர முடியாததால் இடையில் ஒரு சிறு 'இ' நுழைந்து ஓர் அசை கூடிவிடும். கல்லடியில் பழையதும் புதியதுமாக இரண்டு பாலம் இருக்கிறதே, அதை 'டூ பிரிட்ஜஸ்' என்னும்போது 'பிரிட்ஜஸ்' என்பதை இரண்டு அசையாகச் சொல்ல வேண்டும். 'பிரிட்ஜ்' எழுத்தில் ஏற்கெனவே ஈயில் முடிவதால் எழுதும்போது எஸ் மட்டும்தான் சேர்கிறது. 'ஹவுஸ்' என்பதில் இன்னொரு நுணுக்கம்: பன்மையில் நடுவில் உள்ள எஸ்ஸும் அதிரத் தொடங்கும்.

தமிழ் வாய்க்குப் பழக்கமில்லாதது மெய்யெழுத்துகள் அடுக்கி முடிவது. 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்க்ஸ்', 'மந்த்ஸ்' என்று வரும்போது நாக்கு ஒன்றில் எஸ்ஸை விழுங்கிவிடும், அல்லது 'டெஸ்குஸ்' என்று உகரத்தை நடுவில் வைத்துக்கொள்ளும். விழுங்கினால் கேட்பவர் ஒருமை என்று நினைப்பார். முதலில் 'டெஸ்க்' என்று நிறுத்துங்கள், பிறகு தனியே 'ஸ்' என்று சீறுங்கள், பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் எஸ்ஸை அதனோடு ஒட்டிவிடலாம். 'டெஸ்க்ஸ் ஆர்' என்பதை 'டெஸ்க்–ஸார்' என்று சொல்லிப் பாருங்கள், சுலபமாக வரும்.

ஐந்தாம் படி: வினையைப் பொருத்துதல்

நிகழ்காலத்தில் பெயருக்கும் வினைக்குமாக எஸ் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'த போட்ஸ் கோ' என்றால் எஸ் பெயரில் இருக்கிறது, வினையில் இல்லை. 'த போட் கோஸ்' என்றால் எஸ் வினைக்குப் போய்விட்டது. பெயரிலும் வினையிலும் சேர்ந்து இருந்தாலோ, இரண்டிலும் இல்லாவிட்டாலோ ஒருமுறை நின்று பாருங்கள். 'சில்ட்ரன் ப்ளே' போல எஸ் இல்லாமலே பன்மையான பெயர்களும், 'ஐ', 'யூ' போன்றவையும் இதற்கு விலக்கு. 'கேன்', 'மஸ்ட்', 'வில்' வந்தால் வினைக்கு எஸ்ஸே கிடையாது. இறந்த காலத்தில் 'வாஸ்–வேர்' ஒன்றைத் தவிர வேறு பொருத்தம் பார்க்கவும் தேவையில்லை.

தமிழிலிருந்து வரும் பிழைகள் இங்கே மூன்று. முதலாவது மரியாதைப் பன்மை. 'அதிபர் அவர்கள் வருகிறார்கள்' என்பதை அப்படியே கொண்டுபோய் 'த ப்ரின்சிபல் ஆர் கமிங்' என்று எழுதுகிறார்கள். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஆங்கிலத்தில் ஓர் ஆள் ஓர் ஆள்தான். அப்பாவுக்கும் 'இஸ்', அதிபருக்கும் 'இஸ்', அமைச்சருக்கும் 'இஸ்'. மரியாதை வேண்டுமென்றால் பெயருக்கு முன் 'மிஸ்டர்', 'மிசிஸ்' என்று அடைமொழியில் காட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். 'சனம் வருது', 'பொலிஸ் வந்தது' என்று நாம் ஒருமையாகச் சொல்வதால் 'பீப்பிள் இஸ்', 'பொலிஸ் ஹேஸ் கம்' என்று வந்துவிடுகிறது. 'பீப்பிள்', 'பொலிஸ்', மாட்டு மந்தைக்குரிய 'கேட்டில்' மூன்றும் எஸ் இல்லாமலே பன்மை. 'பீப்பிள் ஆர்', 'த பொலிஸ் ஹேவ் கம்', 'த கேட்டில் ஆர் இன் த ஃபீல்ட்' என்பதே சரி. ஒரு பொலிஸ்காரரைச் சொல்ல 'எ பொலிஸ் ஆஃபிசர்'.

மூன்றாவது இடைவெளியால் வருவது. 'த ப்ரைஸ் ஆஃப் த க்ராப்ஸ்' என்று தொடங்கினால் வினைக்குப் பக்கத்தில் நண்டுகள் நிற்கின்றன, ஆனால் எழுவாய் விலை. எனவே 'இஸ்'. 'ஆஃப்' என்ற சொல்லைக் கண்டதும் அதற்குப் பின்னால் உள்ளதை விரலால் மூடிவிட்டு முன்னால் உள்ளதை மட்டும் பாருங்கள். 'எ பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ்', 'ஒன் ஆஃப் த போட்ஸ் இஸ்'. இந்த விரல் வித்தை பலிக்காத இடங்களில் ஒன்று 'எ நம்பர் ஆஃப்'. அதற்குப் பல என்று பொருள், 'ஆர்' எடுக்கும். 'த நம்பர் ஆஃப்' என்றால் எண்ணிக்கை, 'இஸ்' எடுக்கும்.

'டீம்', 'ஃபேமிலி', 'கவர்மென்ட்' போன்ற கூட்டுப் பெயர்களுக்குப் பிரித்தானிய ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஆர்' இரண்டும் வழக்கில் உண்டு. பரீட்சையில் 'இஸ்' எழுதுவது பாதுகாப்பு. கணிதம் 'மேத்தமேட்டிக்ஸ்', பௌதிகவியல் 'ஃபிசிக்ஸ்', சின்னமுத்து 'மீசில்ஸ்' மூன்றும் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை.

காசும் நிறையும்

ஐந்நூறு ரூபாய் 'ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ்'. ரூபாயில் எஸ் வரும், நூறில் வராது. முன்னால் குறிப்பிட்ட எண் நின்றால் 'ஹன்ட்ரட்', 'தவுசன்ட்', 'மில்லியன்' மாறுவதில்லை. ஆயிரக்கணக்கில் என்று பொதுவாகச் சொல்லும்போதுதான் 'தவுசன்ட்ஸ் ஆஃப் ருபீஸ்'. மொத்தத் தொகையாகப் பார்க்கும்போது வினை ஒருமை: 'ஃபைவ் தவுசன்ட் ருபீஸ் இஸ் இனஃப்'. தூரத்துக்கும் நேரத்துக்கும் இதுவே வழி.

சிட்டையில் கிலோவைச் சுருக்கிக் கே-ஜீ என்று எழுதினால் எஸ் சேர்க்க வேண்டாம். 5 என்றாலும் 50 என்றாலும் அலகுக் குறியீடு மாறாது. வாயால் சொல்லும்போது 'ஃபைவ் கிலோஸ்'.

எண்ணும் பெயரும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு அடையாக வரும்போது எஸ் விழுந்துவிடும். பத்து ரூபாய்க் குற்றி 'எ டென்-ருபீ காயின்', ஐந்து வயதுப் பிள்ளை 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட் சைல்ட்', இரண்டு மணி நேரப் பயணம் 'எ டூ-அவர் ஜேர்னி'. பெயர் மட்டும் அடையாக வந்தாலும் அப்படித்தான்: 'மேங்கோ ஜூஸ்', 'ஷூ ஷாப்', 'வெஜிடபிள் மார்க்கட்'. ஊருக்கு ஊர் இருக்கும் 'ஸ்போர்ட்ஸ் க்ளப்' இதற்கு விலக்கு.

மேற்கமா

பன்மைக்கு மேற்கமா, அதாவது எழுத்துக்கு மேலே போடும் 'அப்போஸ்ட்ரஃபி' குறி, போடுவதில்லை. எஸ்ஸுக்கு முன் மேற்கமா போட்டால் 'உடைய' என்று பொருள், அல்லது 'இஸ்' என்பதன் சுருக்கம். ஒரு பையனுடையது என்றால் எஸ்ஸுக்கு முன்னும், பல பையன்களுடையது என்றால் எஸ்ஸுக்குப் பின்னும் மேற்கமா வரும். 'சில்ட்ரன்', 'வுமன்' போல எஸ் இல்லாத பன்மைகளுக்கு எஸ்ஸுக்கு முன். 1990 முதல் 1999 வரையான ஆண்டுகளைச் சொல்ல எண்ணை அடுத்து எஸ் மட்டும். 'என்ஜிஓ', 'ஏடிஎம்' போன்ற சுருக்கங்களுக்கும் சின்ன எஸ் போதும், மேற்கமா வேண்டாம்.

ஒரு பலகையைத் திருத்துவோம்

கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு இப்படி ஒரு பலகை எழுத வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சொல்லில் எஸ்ஸுக்கு முன் ஒரு மேற்கமாவும் இருக்கிறது.

'ரூம்ஸ் அவைலபிள். ஃபேமிலி ரூம் டூ வித் நியூ ஃபர்னிச்சர்ஸ். ஃப்ரெஷ் ஃபிஷ் அன்ட் ப்ரான் எவ்ரி டேஸ். சர்ஃப்போர்ட் ஃபார் ரென்ட். அவர் ஸ்டாஃப்ஸ் ஸ்பீக்ஸ் இங்கிலிஷ். கீப் யுவர் லக்கேஜஸ் சேஃப். நோ டாக்.'

முதல் சொல்லில் மேற்கமாவை எடுத்துவிட்டால் போதும். அடுத்தது, 'ரூம் ரெண்டு இருக்கு' என்று நாம் எண்ணைப் பின்னால் வைப்பதன் பாதிப்பு. ஆங்கிலத்தில் எண் முன்னால் வரவேண்டும், அறைக்கு எஸ் வேண்டும்: 'டூ ஃபேமிலி ரூம்ஸ்'. 'ஃபர்னிச்சர்ஸ்' முதற்படியிலேயே விழுந்துவிட்டது. மீன் அப்படியே இருக்கலாம், இறால் 'ப்ரான்ஸ்' ஆகவேண்டும். 'எவ்ரி' இருப்பதால் 'டே'. சர்ஃப்போர்ட் வெறுமையாக நிற்கிறது, முன்னால் ஒன்றுமில்லை பின்னாலும் ஒன்றுமில்லை. வாடகைக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதால் 'சர்ஃப்போர்ட்ஸ்'. ஊழியர்கள் என்ற கூட்டத்துக்கு 'ஸ்டாஃப்' எஸ் எடுக்காது, ஆட்களாகப் பார்ப்பதால் வினை பன்மை: 'அவர் ஸ்டாஃப் ஸ்பீக் இங்கிலிஷ்'. தனித்தனியே எண்ணத் தேவைப்பட்டால் 'ஸ்டாஃப் மெம்பர்ஸ்'. பயணப்பொதி 'லக்கேஜ்' மட்டும். கடைசியில் 'நோ டாக்ஸ்', ஏனென்றால் தடை எல்லா நாய்க்கும். ஆனால் 'நோ பார்க்கிங்', 'நோ ஸ்மோக்கிங்' செயலைத் தடுப்பவை, அவற்றுக்கு எஸ் கிடையாது.

திருத்திய வாசகத்தைப் பலகை எழுதுபவரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, கீழே தமிழில் 'மேற்கமா எங்குமே வராது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அழகுக்காக எஸ்ஸுக்கு முன் ஒரு புள்ளி இழுத்துவிடும் கைகள் உண்டு, பெயின்ட் காய்ந்த பிறகு அதைச் சுரண்டி எடுப்பது பெரிய வேலை.